வயதுக் கோடுகள்

உன் வயதுக்கும் உடன்பிறந்தவர் வயதுக்கும் கோடு வரைந்து சாய்வை ஒப்பிடு என்பது கணக்கு. அந்த ஜப்பானியப் பள்ளியில் பிள்ளைகளே தாளை மாற்றித் திருத்துவார்கள். சரிக்குச் சிவப்பு வட்டம், தப்புக்குக் கீறல்.

நகிசாவின் தாள், ஊருக்கே புதிதாக வந்த ஷியோரியிடம் போனது.

“ஏய், அடுத்த வருஷம் உன் கோடும் உங்க அக்கா கோடும் முட்டுதே. வருஷத்துக்கு ஒரு வயசு, ரெண்டுக்கும் ஒரே சாய்வு. எப்படிடி சேரும்?”

“சேராதா? நிச்சயமாவா?” நகிசா ஆசையோடு கேட்டாள்.

“அக்கா கோடு பதினஞ்சுலயே படுத்துக்கிச்சு. அவங்களுக்கு மட்டும் வயசு ஏறாதாக்கும்?” சிரித்தபடி கீறினாள் ஷியோரி.

“போன வருஷம் கடல்ல மூழ்கினதுலேர்ந்து ஏறலை.”

ஷியோரியின் சிரிப்பு நின்றது. கீறலின் மேல் வட்டம் போடப் போனாள்.

நகிசா தாளைக் கையால் மூடினாள்.

“வேணாம்டி. நான் அவளைவிடப் பெரியவளாக வேணாம். தப்பாவே இருக்கட்டும்.”