மண்ணோடு போகிறவர்கள்

காலை ஆறு மணியிலிருந்து நான்கு புல்டோசர்களும் காட்டின் விளிம்பில் எஞ்சின் அணைந்து நின்றன.

காட்டுக்குள் போன யுலியானா இன்னும் வெளியே வரவில்லை.

உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் குடியிருப்பவர்களிடம் பேசி, அவர்களுடைய சம்மதத்தோடு அவர் வரவேண்டும். அதுவரை ஓட்டுநர்களில் ஒருவரும் ஏறமாட்டார்கள். மகாகம் ஆற்றின் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் பணித்திட்டத்திலேயே இதற்கு அரைநாள் ஒதுக்கிவிடுவோம்.

"அவசரமா இருந்தா நீங்க ஏறுங்களேன், பாக் ரஹ்மாதி," என்றார் மூத்த ஓட்டுநர் வாலுயோ. "போன வருஷம் கேக்காம ஏறினவன் வண்டி இன்னும் சேத்துலதான் கெடக்கு. எம்பொண்டாட்டிக்கு நான் ஒரே புருஷன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்யும்போதும் 'பாக்', ஐயா, என்ற மரியாதை மட்டும் குறையாது. நான் மேற்கே பார்த்தேன். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பன்னிரண்டு ஹெக்டேரின் மேல்மண்ணை மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். முப்பது சென்டிமீட்டர் ஆழம். நிலக்கரியை எடுத்துக் குழியை மூடிய பிறகு மேலே போர்த்த எங்களிடம் இருக்கும் உயிருள்ள மண் அவ்வளவுதான். ஈரத்தில் சுரண்டினால் களியாகிச் செத்துவிடும். அதன் பிறகு அங்கே புல்லும் முளைக்காது.

திட்டம் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது.

எட்டரைக்கு யுலியானா வந்தார். நாற்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், கையில் படையல் முட்டைகள் தீர்ந்த காலிக் கூடை. கிராம அலுவலகத்தில் மனு வாசிப்பவரின் குரல்.

"குடிபோகச் சொல்லி நீங்க காட்டின பழைய குழியைப் போய்ப் பாத்தாங்க. புடிக்கலையாம்."

மூன்று வருடத்துக்கு முன் மூடிய குழி அது. ஹெக்டேருக்கு அறுநூற்று இருபத்தைந்து கன்றுகள் நட்டிருந்தேன். எல்லாம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன என்றேன்.

"எல்லா மரமும் ஒரே வயசு, பாக். பெரியவங்களே இல்லாத ஊர்ல யாரு குடியிருப்பாங்கன்னு கேக்கறாங்க."

ஆண்டறிக்கையில் அந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை.

"அதனால மண்ணோடயே வர்றாங்களாம். மண்ணு எங்க போகுதோ அங்க."

எனக்கு மூச்சு வந்தது. ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் மூன்றாம் குவியலைக் காட்டினேன்.

அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"மார்ச்சுல ரோட்டுக்காக இந்த ஓரத்தைச் சொரண்டினீங்க. அப்ப நாலு குடும்பம் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுச்சு. அவங்க இருக்கற எடத்துக்கே நாங்களும் போறோம்ங்கறாங்க. அது எங்க?"

"அதுவும் இதே குவியல்தான், இபு. நூத்தியெண்பது லாரி. பதிவேட்டுல இருக்கு."

"அங்க தேடிட்டாங்க. இல்ல."

முதல் துளி வரைபடத்தின் மேல் விழுந்தது. வாலுயோ வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எடத்தைச் சொன்னாக் கெளம்பறாங்க," என்றார் யுலியானா. "இல்லேன்னா இங்கயேதான்."

நூற்றெண்பதில் இரண்டு லாரி அந்தக் குவியலுக்குப் போகவில்லை. ஓட்டியவன் இப்போது சுலாவெசித் தீவில் வேறு வேலையில் இருக்கிறான். அவனை விட்டால் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சமரிந்தா நகரில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருந்தது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நிரப்பினோம். நல்ல மண் என்று மனைவி மிளகாய் வைத்தாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாதம் முழுக்க வரும் அரிசி மூட்டை ஏப்ரலிலிருந்து பத்தாம் தேதியைத் தாண்டுவதில்லை. எலியாக இருக்கும் என்றாள். பொறி வைத்தோம். பொறியில் எதுவும் விழவில்லை.

இரண்டாவது துளி என் கையில் விழுந்தது.

வீட்டு முகவரியைச் சொன்னேன். தெரு, சந்து, கதவு எண்.

யுலியானா காட்டைப் பார்த்துத் திரும்பி, அதை ஒருமுறை உரக்கச் சொன்னார். கதவு எண்ணை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

பிறகு வாலுயோவிடம் தலையசைத்தார். புல்டோசர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

அந்தச் சத்தத்தில் நான் கத்திக் கேட்டேன். "மொத்தம் எத்தனை குடும்பம், இபு?"

அவர் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றார். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"முப்பத்தேழு, பாக். பிள்ளைங்களைச் சேக்காம."