பெயர் எழுதாத தாள்

"சாப்பாட்டைப் பத்திப் பாடம் எடுக்கப் போற பொண்ணு, இப்படி ஒட்டடைக்குச்சியாட்டம் இருந்தா எவ காது கொடுத்துக் கேப்பா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று விஜயலட்சுமி மேடம் பொற்கொடியிடம் கேட்ட கேள்வி இது. இன்று நெய்வேலி பதினேழாம் பிளாக் சமுதாயக் கூடத்தில், அதே மேடம் அவள் எழுதிக் கொடுத்த தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் பாருங்க! இது ஒரு பொம்பளையோட ஒருநாள் சாப்பாடு!"

சுற்றுவட்டாரக் கிராமங்களில் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் சொல்லும் இருபத்து மூன்று பெண்களுக்கு அன்று பயிற்சி வகுப்பு. நடத்துபவர் மேடம். அவர்களுக்காக வரும் மாத இதழின் ஆசிரியரும் அவரே, முதல் பக்கப் படத்தில் பெரும்பாலும் சிரிப்பவரும் அவரே.

காலையில் சின்னப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுத வேண்டும். "சாப்பிட்டவங்க பேரை எழுதாதீங்க, வெக்கப்படுவாங்க. கேட்டவங்க பேரு மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு, அச்சகத்திலிருந்து வந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஜோடி அமையாமல் மிஞ்சியவள் பொற்கொடி. தாளும் பேனாவுமாக வெளியே போனவள், கால் மணி நேரம் கழித்து எழுதி முடித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தாள்தான் இப்போது மேடத்தின் கையில்.

"காலையில் பால் இல்லாத காப்பி. பத்து மணிக்கு ரெண்டு பிஸ்கட். மத்தியானம் நேரமில்லை," மேடம் ராகம் போட்டு வாசித்தார். "நேரமில்லியாம்! அம்மா கலெக்டர் உத்தியோகம் பாக்குறாங்களோ?"

கூடம் சிரித்தது. மேடம் சிரித்தால் சிரித்தே ஆக வேண்டிய மாதம் அது. எல்லாருடைய கான்ட்ராக்டும் இந்த மாதத்தோடு முடிகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்கிற பட்டியல் மேடத்தின் மேசைமேல் கிடந்தது.

"சாயந்தரம் ரெண்டு பஜ்ஜி. ராத்திரி ஒரு கை மிக்சர், தண்ணி. கீரை, பழம், முட்டை கடைசியாச் சாப்பிட்டது எப்போன்னு ஞாபகமில்லை." மேடம் தாளை இறக்கினார். "ரத்தம் எங்கேருந்து ஊறும்? இதுக்கு வறுமைன்னு பேர் வைக்காதீங்க. சோம்பேறித்தனம். தன் ஒடம்பு மேலேயே அக்கறை இல்லாதவளுக்கு யாரு என்ன சொல்லித் தர முடியும்?"

பக்கத்து நாற்காலி சங்கீதா குனிந்து கிசுகிசுத்தாள். "ஏய், ஆளு கெடைக்காம ஒன்னோடதையே எழுதிக்கினு வந்துட்டியாடி?"

பொற்கொடி தலை குனிந்துகொண்டாள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை போனதிலிருந்து அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். அவள் சம்பளம் வந்தால்தான் வீட்டுக்கு அரிசி வரும். சங்கீதா அவளுடைய மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். தன் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மேடத்தின் பார்வை, டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த தனபாக்கியத்தின் மேல் விழுந்தது. "டீக்காரம்மா, நீயும் வராந்தாவுலதான இருந்த? இது நீ சொன்னதா?"

"நானா?" தனபாக்கியம் நிமிர்ந்தாள். "ஏம்மா, நான் காத்தாலயே கேவுரு கூழும் கருவாடும் துன்னுட்டு வந்தவ. காப்பியில பிஸ்கட்ட நனைச்சிக்கினு கெடக்க எனக்கு இன்னா கேடு?"

இந்த முறை மேடம் சிரிக்காமலே கூடம் சிரித்தது.

மேடத்தின் முகம் இறுகியது. தாளைப் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினார். "இந்த மாசம் முதல் பக்கத்துல இதுதான். 'திருந்தாத ஒரு பெண்'னு தலைப்பு." அடுத்த நிமிடமே போன் அடித்தது. "ஆமா, கட்டம் கட்டிப் போடுங்க. போட்டோவா? லைன்லயே இருங்க, ஆளை இப்பவே நிறுத்திப் பிடிச்சு அனுப்புறேன்."

போனை மேசைமேல் வைத்தார். "பொற்கொடி, எழுந்திரு. யாரு அது?"

"வேணாங்க மேடம்."

"என்ன வேணாம்? பேரைச் சொல்லு."

"பேரு எழுதக் கூடாதுன்னு நீங்கதாங்க..."

"எழுதத்தான் கூடாது. சொல்லலாம்." மேடம் பட்டியலை இழுத்து, பொற்கொடியின் பெயர் மேல் பேனா முனையை வைத்தார். "இப்படி ஒரு ஆளை மறைச்சு வைக்கிறவ எனக்கு எதுக்கு? மூணு எண்ணுவேன். ஒண்ணு."

சங்கீதா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நான்தான்னு சொல்லிட்டு ஒக்காருடி."

"ரெண்டு."

பெயரின் முதல் எழுத்தில் மை ஊறிப் பரவத் தொடங்கியது. பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதாங்க மேடம். போன் பேசிக்கினே சொன்னீங்க."

பட்டியல் மேசைமேல் கிடந்தபடியே கிடக்க, "போட்டோ, மேடம், போட்டோ" என்று கத்திக்கொண்டிருந்த போனை மட்டும் எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார் மேடம்.