தகரப் பெட்டியும் பாயும்

“எல்லாமே சும்மாவா? பின்னாடி போலீஸ் கீலீஸ் வராதே?” பழைய சாமான்காரர் சந்தேகமாகக் கேட்டார்.

“என் சாமான்தான்யா. சோபா, டிவி, கட்டில், ஒண்ணு விடாம ஏத்துங்க. சீக்கிரம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று பெரியவர் பதறினார்.

“இந்தத் தகரப் பெட்டி, பாய்?”

“அது ரெண்டும் இருக்கட்டும்.”

“வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போறீங்க?”

“எங்கயும் போகல.” பெரியவர் பெட்டியை மூலைக்குத் தள்ளினார். “என் சம்சாரத்துக்கு ஞாபகம் போயிடுச்சு. ‘இது யார் வீடு? என்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு ராப்பகலா அழறா. கல்யாணமாகி இங்க வந்தப்ப இந்த ரெண்டும்தான் இருந்துச்சு. அப்படியே ஆக்கிப் பார்க்கறேன்.”

வண்டி கிளம்பியதும், பக்கத்து வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்த மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்தார்.

வெறும் கூடம். மூலையில் பெட்டி, பாய். அவள் முகம் மலர்ந்தது.

“இதுதான் என் வீடு,” என்று பாயில் உட்கார்ந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் சட்டென்று எழுந்து தள்ளி நின்றாள்.

“கொண்டுவந்து விட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. என் வீட்டுக்காரர் வர்ற நேரம். நீங்க கிளம்புங்க.”