நிற்கும் சவரிமுத்து

ரயில் பணிமனையை மூடிய பிறகு, அதே கொட்டகையில் உணவு விடுதியும் விளையாட்டுக் கூடமும் வந்திருந்தன. பழைய கேமராப் பதிவுகளிலிருந்து அங்கே வேலை பார்த்தவர்களை ஒளியுருவங்களாக எழுப்பி, விருந்தினரை வரவேற்க நிறுத்தியிருந்தார்கள். இறந்துபோன தன் கணவர் சவரிமுத்துவும் அங்கே நிற்கிறார் என்று கேள்விப்பட்டு ஆரோக்கியமேரி போனாள்.

வாசலிலேயே நின்றார். அதே காக்கிச் சட்டை, அதே சிரிப்பு.

"என்னங்க..." என்றாள்.

"வாங்க மேடம், எத்தனை பேருக்கு டேபிள்?" என்றார் அவர்.

அழுகையை விழுங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டார். முட்டிவலி வந்தால் அப்படித்தான் நிற்பார். மேரி பதறிப்போய் மேலாளர் பெண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மாடி, அவரைக் கொஞ்ச நேரம் உக்கார வையேன். முட்டி நோவுது அவருக்கு."

அந்தப் பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு நிமிர்ந்தாள். "முடியலம்மா. இத்தனை வருஷப் பதிவுல அவர் உக்கார்ந்த மாதிரி ஒரு இடம்கூட இல்ல."

மேரி திரும்பி வந்தாள். யாரோ அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. விடுதி மூடும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.