பட்டினி மண்ணில் ஒரு கதிர்

மடகாஸ்கர் தீவின் மேட்டுநிலத்தில், அமிலம் ஏறிய செம்மண்ணில் மாலை வெயில் சாய்கிறது. சோதனைக்காக உரமே போடாமல் நெல் வளர்த்த பாத்திகளை உழுதுபோட டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது. புது நெல் ரகம் உருவாக்கும் பகூலி, கருகிய பயிர்களுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "எந்திரிம்மா, எல்லாம் பட்டுப்போச்சு," என்கிறார் பண்ணை மேலாளர் ரசாஃபி. "எல்லாமா? இதப் பாருங்க சார்!" ஒரு கதிரை வளைத்துக் காட்டுகிறாள். அதில் மணிகள் கனக்கின்றன. "ஒரே மண்ணு, ஒரே பட்டினி. இது மட்டும் எப்படி நிக்குது? இதோட பரம்பரைக் குணம் அது. உரம் வாங்க வக்கில்லாத வீட்டுக்குப் போகவேண்டிய வித்து. எம்மேல ஏத்திட்டு உழுங்க!" மேலாளர் ஓட்டுநர் சூலுவைப் பார்த்து, வண்டியை எடுக்கச் சொல்லிக் கையசைக்கிறார். சூலு எஞ்சினை அணைத்து இறங்கி, சாவியை அவர் முன்னால் நீட்டுகிறான். "நீங்களே ஓட்டுங்க சார்." தும்பிகள் பறக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. சாவியை வாங்க மேலாளரின் கை நீளவில்லை.