பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்

"செரிசாவா சான், அந்த ஃபைலைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

ரிஹோ நிமிரவே இல்லை. மேனேஜர் தோகுனாகா மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான், செரிசாவா என்பது தன் குடும்பப் பேர்தான் என்று அவளுக்கு உறைத்தது.

பட்டம் வாங்கிய கையோடு ஏஜென்சி மூலமாக அந்த ஒசாகா அலுவலகத்துக்கு வந்தவள். ஏஜென்சி ஆள் யாரானாலும் அங்கே 'ஹாகென் சான்' என்றுதான் பேர்; ஹாகென் என்றால் ஏஜென்சி ஆள், சான் மரியாதைக்கு. சொந்தப் பேர் ஒன்று இருக்குமே என்று யாரும் கேட்டதில்லை. சாப்பிடக் கூப்பிட்டதும் இல்லை. மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சோற்றுருண்டை தின்று பழகிவிட்டாள்.

இந்த மாதக் கடைசியோடு மூன்று வருஷம் முடிகிறது. அதற்குமேல் ஏஜென்சி ஆளாக வைத்திருக்கச் சட்டம் விடாது. ஒன்று, கம்பெனியே நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். இல்லையா, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"செரிசாவா சான், ஊருக்குப் போயிட்டு வந்தேன். இதை எல்லாருக்கும் குடுத்துடுங்களேன்." பக்கத்து மேஜை இனாபா ஸ்வீட் பெட்டியை நீட்டினார்.

கொடுத்து முடித்தபோது பெட்டி காலி. வழக்கம்போல அவளுக்கு இல்லை. ஆனால் இன்று அது உறுத்தவில்லை. இனாபாகூடப் பேர் சொல்லிவிட்டாரே!

மதியம் படியில் உட்கார்ந்து, அகிதாவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, எனக்கு வேலை நிரந்தரமாயிடும்போல இருக்கு!"

"யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா எல்லாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்கம்மா!"

"இத்தனை நாளா வேற என்னன்னுடி கூப்பிட்டாங்க?"

"மணியாச்சும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பது மணிக்கு மேனேஜர் குரல் கொடுத்தார்.

"ஹாகென் சான்!"

பழக்க தோஷம். "இதோ!" என்று எழுந்துவிட்டாள்.

"இதோ!" என்று வாசல் பக்கமிருந்து இன்னொரு குரலும் கேட்டது. கல்லூரிக் களை மாறாத ஒரு பெண், பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "இந்தக் குழப்பம் வரக் கூடாதுன்னுதான், நேத்துலேர்ந்தே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். நீங்க கிளம்பறதுக்குள்ள உங்க வேலையையெல்லாம் ஹாகென் சானுக்குச் சொல்லிக் குடுத்துடுங்க, செரிசாவா சான்."