ஆள்காட்டிக்கும் லீவு கிடையாது

"பொய் நொண்டியைக் கண்டுபிடிக்க ரெண்டே வழிதான். ஒண்ணு எக்ஸ்ரே, இன்னொண்ணு நான். எக்ஸ்ரே சில நேரம் ஏமாந்துடும்."

இதைச் சொல்லும்போது சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக ஷிப்ட் சூப்பர்வைசர். அந்த முகத்துக்குச் சிரிப்பு சப்ளை ஆவதில்லை.

எதிரே இளம்பரிதி வலது காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். லேத்தில் வேலை பார்ப்பவன். கணுக்கால் சுளுக்கு, நாளை சனிக்கிழமை ஒரே ஒரு நாள் லீவு வேண்டும் என்றான்.

"அந்த டிரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா."

ஆயில் டிரம் வரை வலது காலில் நொண்டிப் போனான். திரும்பி வரும்போது இடது காலில் நொண்டி வந்தான். நிஜ வலி ஆளோடு கூடவே திரும்பும், பொய் வலி டிரம்மிலேயே தங்கிவிடும் என்பது சென்னகிருஷ்ணனின் கண்டுபிடிப்பு. லீவு கிடையாது என்று கைவிரித்தார்.

அன்று சாயங்காலம் மத்திகிரியில் வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்தினால், பக்கத்துக் காலி மனையில் ஓர் ஆள்காட்டிக் குருவி ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தளிக்கிறது. ஒருத்தனுக்கும் இரங்காத மனுஷனுக்கு அங்கே எப்படியோ மனசு இளகிவிட்டது. சிறகு ஒடிஞ்சிடுச்சு பாவம் என்று துண்டை எடுத்துக்கொண்டு பிடிக்கப் போனார்.

கைக்கு எட்டும் தூரம் வந்ததும் அது இரண்டடி தள்ளிப் போனது. இவரும் போனார். மறுபடி இரண்டடி. இப்படியே வளைத்து வளைத்து மனையின் கோடியில் இருந்த தைலமரம் வரை கூட்டிக்கொண்டு போய், அங்கே ஜம்மென்று மேலே எழும்பி, இவர் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துக் கத்திவிட்டுப் பறந்தது.

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி மாதேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜல்லிக்கு நடுவே நாலு முட்டை இருக்கிறதாம். யார் பக்கத்தில் போனாலும் இப்படி நடித்துத் தூர இழுத்துப் போய்விடுமாம். பால்காரரும் ரெண்டு தெருநாயும் ஏற்கெனவே ஏமாந்தாகிவிட்டது.

"போறப்ப இடது சிறகு, வளைஞ்சு வர்றப்ப வலது சிறகு. நீங்க கவனிக்கலீங்களா?"

சென்னகிருஷ்ணன் துண்டை உதறினார்.

மறுநாள் சாயங்காலம் மனைக்காரர் ராமப்பன் வந்து, கொடியில் துணி இருந்தால் எடுத்துவிடுங்கள், தூசி பறக்கும் என்று தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனையைச் சமப்படுத்த ஜேசிபி இன்றைக்கே வந்திருக்க வேண்டியது. ஓட்டுகிற பையன் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே இதையும் ஓட்டுகிறான், லீவு கிடைக்கவில்லையாம், நாளை ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான்.

ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க, குஞ்சு பொரிச்சிடும் என்று மாதேஸ்வரி கணவர் காதோரம் கிசுகிசுத்தாள். இவரோ தெருவே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"நடிச்சு லீவு கேக்கறவனுக்கு நான் கம்பெனியிலயே தர்றதில்ல. குருவிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

ராமப்பன் சிரித்தார். எதிர்வீடும் சிரித்தது. மாதேஸ்வரி சிரிக்கவில்லை. அன்றைக்குத் தோசைக்குச் சட்னி வரவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டுகிறவன் தூசிக்குப் பயந்து கண் மட்டும் தெரிய முகத்தில் துண்டு சுற்றியிருந்தான். மொட்டைமாடியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார் சென்னகிருஷ்ணன்.

குருவி ஓடிவந்து வண்டிக்கு முன்னால் இடது சிறகை இழுத்துக் காட்டியது. வண்டி நிற்கவில்லை. வளைந்து வந்து வலது சிறகை இழுத்துக் காட்டியது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது. முட்டைக்கும் இரும்புக்கும் நடுவே பத்தடி இருக்கும்போது குருவி நடிப்பை விட்டுவிட்டு, இரண்டு சிறகையும் விரித்து அங்கேயே நின்றுகொண்டது.

சென்னகிருஷ்ணன் பேப்பரை மடித்தார். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாதேஸ்வரி குளித்துக்கொண்டிருந்தாள். செருப்புகூடப் போடாமல் இறங்கினார்.

அடுத்த நிமிஷம் வண்டிக்கு முன்னால் ஓர் ஐம்பது வயது ஆள் "ஐயோ, காலு" என்று உட்கார்ந்தார். இன்ஜின் நின்றது. ஓட்டுகிறவன் குதித்து ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடிக்கப் பார்த்தான். இவர் எழுந்து இரண்டடி தள்ளி நொண்டினார். அவனும் வந்தான். மறுபடி இரண்டடி. அந்த இடமே பள்ளம்ப்பா, வண்டி சாஞ்சிடும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம், இப்ப என்னைக் கட்டுப் போடற வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போ என்று முனகிக்கொண்டே நொண்டினார். "மெதுவா சார், மெதுவா" என்று துண்டுக்குள்ளிருந்து வந்த குரலைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

தைலமரத்தைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தார். குருவி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே நொண்டிக்கொண்டு நாலடி எடுத்து வைத்தார்.

ஓட்டுகிறவன் பிடிக்க வரவில்லை. இவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கையிலிருந்த வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தில் இருந்த துண்டை நிதானமாக அவிழ்த்தான்.

இளம்பரிதி.

"சார், அந்த மரம் வரைக்கும் இன்னொருக்கா போயிட்டுத் திரும்பி வாங்க."